வங்கி அறிக்கையிலிருந்து பேரேட்டுக்கு: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

மேல்நிலை வகுப்பில் வங்கிச் சரிகட்டும் பட்டியலையும் கணினிமயக் கணக்கியலையும் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறோம். இன்றைய கணக்கு அலுவலகங்களில் இவை இரண்டும் ஒரே வேலையாகிவிட்டன. வங்கி தரும் கோப்பைத் திருத்தி, டேலி போன்ற மென்பொருளுக்குள் ஏற்றுவதே அந்த வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கணக்கு உதவியாளராகச் செல்லும் மாணவர் கையில் இருப்பது பிறர் பணம். எனவே இதை ஒரு செயல்பாடாகவே நடத்துகிறேன்.

உண்மையான வங்கி அறிக்கையை வகுப்பில் பயன்படுத்துவதில்லை. அதில் தனிநபர் விவரங்கள் இருக்கும். ஓர் எழுதுபொருள் அங்காடிக்கு நானே ஒரு மாதிரி அறிக்கை தயாரிப்பேன்.

தொடக்க இருப்பு (01/04/2024): ரூ.10000
02/04/2024 – ரொக்கம் செலுத்தியது – 4500 – இருப்பு 14500
05/04/2024 – காசோலை 000123 – 6200 – இருப்பு 8300
16/04/2024 – யூபிஐ மூலம் விற்பனைத் தொகை – 1150 – இருப்பு 9450
30/04/2024 – வங்கிக் கட்டணம் – 59 – இருப்பு 9391

இதை சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கச் சொல்வேன். இக்கோப்பில் ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்திலிருந்து பிரிப்பது காற்புள்ளி. அதனால் மேற்கோள் குறி இல்லாமல் 14,500 என்று எழுதினால் அது 14, 500 என இரு கட்டங்களாக உடைந்துவிடும். 000123 என்ற காசோலை எண் 123 ஆகச் சுருங்கும். காசோலை எண்ணை எழுத்து வடிவில் வைக்க வேண்டும் என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது பற்று வரவு. வங்கி தன் பார்வையில் எழுதுகிறது. நாம் செலுத்திய பணம் வங்கிக்குக் கடன். ஆகவே அங்கே வரவு. நமக்கோ வங்கியிருப்பு ஒரு சொத்து. அது கூடினால் நம் பேரேட்டில் பற்று. இதை அறியாமல் ஏற்றினால் இறுதி இருப்பு 9391க்குப் பதில் 10609 என வரும். வேறுபாடு 1218. அதில் பாதி 609. மொத்தச் செலுத்துகை 5650. மொத்த எடுப்பு 6259. இவற்றின் வேறுபாடும் 609. தவறு எங்கே என்பதை இந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

இருப்பு சரியாக வந்ததும் பணி முடிந்தது என மாணவர்கள் எழுந்துவிடுவார்கள். அப்போதுதான் தேதியைப் பார்க்கச் சொல்வேன். மாதத்தை முதலில் படிக்கும் அமைப்புள்ள கணினியில் 02/04 என்பது பிப்ரவரி 4 ஆகும். 05/04 என்பது மே 4 ஆகும். பதினாறாம் மாதம் இல்லாததால் 16/04 தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். இத்தனை நடந்தும் இறுதி இருப்பு அதே 9391தான்! கூட்டுத்தொகைக்குத் தேதி தெரியாது. எல்லாத் தேதிகளும் அறிக்கைக் காலத்துக்குள் இருக்கின்றனவா என்று தனியே பார்த்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி: முதல் வரியிலுள்ள 4500 ரூபாய் வருமானமா? பலர் ஆம் என்பார்கள். அது கடையின் கல்லாவிலிருந்து வங்கிக்குப் போன பணம், எதிர்ப்பதிவு. விற்பனையில் சேர்த்தால் இருப்பு சரியாகவே காட்டும்; இலாபமோ 4500 ரூபாய் கூடுதலாகத் தெரியும். வங்கிக் கட்டணம் 59ஐயோ செலவாகப் பதிய வேண்டும். எந்த வரி எந்தக் கணக்குக்கு உரியது என்பதை வங்கிக் கோப்பு சொல்லாது.

ஆகவே மூன்று சோதனைகளைக் கரும்பலகையில் எழுதிவைக்கிறேன்: இருப்பு சரியா? தேதி சரியா? கணக்குத் தலைப்பு சரியா? கணினி குறைவாக உள்ள பள்ளிகளில் இதே அறிக்கையைத் தாளில் கொடுத்து, ஒரு குழு பிழைகளைப் புகுத்த, மறு குழு கண்டுபிடிக்கும்படி நடத்தலாம். ஒரு பாடவேளை போதும். கோப்பை மாற்றித்தர மென்பொருள்கள் உண்டு. மாறிய கோப்பைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண்ணை நாம்தான் தர வேண்டும்.