மாண்டலின் கம்பி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எலெக்ட்ரிக் மாண்டலினுக்குக் கம்பி கேட்டால், செம்பு நிறத்தில் பளபளக்கும் பாஸ்பர் பிரான்ஸ் செட்டை எடுத்து நீட்டும் கடைகள் உண்டு. "எதைப் போட்டால் என்ன, சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையும் கூடவே வரும்.

ஆம்ப் தன்னிடம் வருவதைத்தான் பெருக்கும். அனுப்புவது கம்பிக்குக் கீழே இருக்கும் காந்த பிக்கப். எஃகோ நிக்கலோ மேலே அதிர்ந்தால்தான் அதன் சுருளில் மின்சாரம் பிறக்கும்; வெண்கலத்தை அது கண்டுகொள்ளாது. பிரான்ஸ் செட்டிலும் ஏ, இ இரண்டும் வெறும் எஃகுதான், கணீரென்று கேட்கும். சுற்றுக் கம்பிகளான ஜி, டி-யில் உள்ளே ஓடும் எஃகு மட்டுமே பிக்கப்புக்குத் தெரியும். மேல் ஸ்தாயி அலற, கீழ் ஸ்தாயி முனகும். காந்தத்தை வைத்துச் சோதிக்கலாம் என்பார்கள். பிரான்ஸ் கம்பியும் உள்ளிருக்கும் எஃகால் ஒட்டத்தான் செய்யும். உறையில் நிக்கல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். பீசோ பிக்கப் வைத்த வாத்தியத்துக்கு இந்தக் கவலை இல்லை. அது அதிர்வை நேரடியாகப் பிடிப்பது.

"இ கம்பி அடிக்கடி அறுகிறதா? தடிமனாகப் போடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி தடித்தால் அதே சுருதிக்கு இழுவையும் அதன் குறுக்குவெட்டுப் பரப்பின் விகிதத்தில் ஏறும். உலோகத்தின் மீது விழும் தகைவு மாறாது. வெறும் எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நீளம்தான், தடிமன் அல்ல. பதினான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வழக்கமான நீளத்தில் நல்ல 10 கேஜ் கம்பி இ-யைத் தாராளமாகத் தாங்கும். அறுந்த இடத்தைப் பாருங்கள். எப்போதும் பிரிட்ஜ் அருகிலேயே அறுந்தால் அங்கே பிசிறு இருக்கிறது; நைஸான எமரித் தாளால் தேய்த்தால் சரியாகும்.

கர்நாடக இசை வாசிப்பவர்களிடம் வேறொரு நம்பிக்கை: கடை செட்டே போதும் என்பது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) ஜோடிக் கம்பிகளை விட்டு ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையில் எடுத்தார். பிறகு ஐந்து கம்பி வைத்துக்கொண்டார். ஜோடியை இழுத்துக் கமகம் பிடித்தால் இரண்டும் ஒரே அளவு ஏறுவதில்லை என்பது வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடை செட்டோ ஜி, டி, ஏ, இ என்ற சுருதிக்கு அளந்து செய்தது. ஜி-யை ஸட்ஜமாக வைத்து ஸ–ப–ஸ–ப என்று சேர்த்தால் ஏ-யும் இ-யும் ஒரு முழு ஸ்வரம் இறங்க வேண்டும். இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மேல் கம்பிகள் தொளதொளவென்று கிடக்கும், கமகம் இலக்கைத் தாண்டி ஓடும். இ, ஏ கம்பிகளில் 11, 15 கேஜ் இருந்த இடத்தில் 12, 17 போட்டால் பழைய விறைப்பு ஏறக்குறைய திரும்பிவிடும். தடிமன் மாறியதால் பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி சரிபாருங்கள்.

அந்த 12, 17 எங்கே கிடைக்கும்? உதிரியாக விற்கும் எலெக்ட்ரிக் கிடார் கம்பிகளில். "கிடார் கம்பி மாண்டலினுக்கு ஆகாது" என்பதில் பாதிதான் உண்மை: எஃகு ஒன்றே, முனைதான் வேறு. கிடார் கம்பியின் நுனியில் குண்டு, பல மாண்டலின் கம்பிகளில் வளையம். உங்கள் டெயில்பீஸ் வளையம் கேட்டால் குண்டைக் குறடால் நசுக்கி எடுத்துவிடலாம், மிஞ்சுவது வளையம்தான். பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டால் புதிதாகும் என்பார்கள். அழுக்கு போகும், ஃப்ரெட் பதித்த பள்ளம் போகாது.

சுற்றுக் கம்பியைக் கிடார் நீளத்திலிருந்து நறுக்கும்போது, முதலில் வெட்டும் இடத்துக்கு முன்னால் நன்றாக மடக்கிவிட்டு, பிறகு வெட்டுங்கள். இல்லையென்றால் சுற்று நழுவி, வாங்கிய அன்றே கம்பி மழுங்கிவிடும்.