குறட்டையும் இதயத் துடிப்பும்

"பாட்டா என்ன சுகமாய் உறங்குகிறார்! குறட்டை தெருமுனை வரை கேட்கிறதே!" என்று நம் நாஞ்சில் நாட்டு வீடுகளில் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்தக் குறட்டை சட்டென்று நின்று, சற்று நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறலுடன் மீண்டும் தொடங்குவதைக் கவனித்திருக்கிறோமா? குறட்டையைவிட அந்த நிசப்தமே அஞ்சத்தக்கது. அதற்கு உறக்க மூச்சுத் தடை என்று பெயர். 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான திரை இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கு இந்நோய் இருந்தது.

மூச்சு நிற்பது ஏன்?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து, மடை அடைபட்ட வாய்க்காலைப் போல மூச்சுப் பாதை அடைந்துவிடுகிறது. 10 வினாடிக்குக் குறையாமல் காற்று நின்றால் அது ஒரு தடை. மணிக்கு 30 தடைகள் நேர்ந்தால் நோய் கடுமையானது.

இதயத்திற்கு என்ன தீங்கு?

மூச்சு நிற்கையில் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது; இதயத் துடிப்பும் மந்தமாகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவரை நொடிப்பொழுது உசுப்புகிறது. உடனே அட்ரினலின் பெருகி, இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயம் விரைந்து துடிக்கிறது. அடைபட்ட தொண்டை வழியே காற்றை இழுக்க மார்பு போராடுவதால் இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்களும் இழுபடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் மேலறைகள் விரிந்து தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும்.

இவ்வாறு தாறுமாறான துடிப்பைச் சீர்செய்துகொண்டவர்களை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டது. மூச்சுத் தடைக்குத் தக்க சிகிச்சை பெறாதோரில் 82 சதவீதத்தினருக்கு ஓராண்டிற்குள் கோளாறு திரும்பியது. சிகிச்சை பெற்றோரில் 42 சதவீதத்தினருக்கே திரும்பியது.

நம் கடமை

1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். உடல் எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விலக்குவதும் உதவும்.

குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். ஆயினும் உறங்குபவர் தம் மூச்சு நிற்பதை அறியார். அருகில் இருப்பவரே அறிவார். பகலில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம். ஆகவே தோழியரே, சிரிப்பதை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம். நாம் கண்டதை அம்மாவிடம் சொல்லி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள மருத்துவரிடமோ அவரை அழைத்துச் செல்வோம். வருமுன் காப்பது நம் அன்பின் கடமையன்றோ!