வீதி ஒழுங்கும் நம் பண்பாடும்

இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலிருந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறிய நமக்கு, வீதியின் இடப்பக்கத்தில் வாகனம் செலுத்துதல் புதியதன்று. நாம் பிறந்த நாடுகளிலும் அதுவே முறை. ஆயினும் 'இடப்பக்கம்' என்னும் சொல்லுக்கு இந்நாட்டுச் சட்டம் தரும் பொருள் சற்று விரிவானது. அதனை நாமும் நம் சிறார்களும் சேர்ந்து அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சட்டம் கூறுவது

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஒரு தடம் மட்டுமே உள்ள வீதியில் இயன்றவரை இடது ஓரமாகச் செல்லுதல் வேண்டும். பல தடங்கள் உள்ள வீதியில் வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றரை விஞ்சுமாயின், வலது தடம் முந்திச் செல்வதற்கே உரியது. வலப்புறம் திரும்புவோரும், நெரிசலில் அகப்பட்டோரும், தடையொன்றை விலக்கிச் செல்வோரும் அதிற் செல்லலாம். ஏனையோர் முந்தியதும் இடது தடத்திற்கு மீளவேண்டும். "நான் வேக எல்லையிலேதானே செல்கிறேன்" என்று வலது தடத்தில் நிலைத்திருப்பது தவறாகும். பின்னால் வருபவர் பொறுமையிழந்து இடப்பக்கமாக முந்த முயல்வார். அதுவே விபத்திற்கு வழிவகுக்கும்.

முன்செல்லும் வாகனத்திற்கும் நமக்கும் இடையே மூன்று வினாடி இடைவெளி இருத்தல் நன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று வினாடி என்பது 50 மீற்றர் தூரமாகும்.

மரியாதை கூறுவது

இடப்பக்கம் திரும்பும்போது, நாம் நுழையும் வீதியைக் கடக்கும் பாதசாரிக்கு வழிவிடல் வேண்டும். துவிச்சக்கரவண்டியை முந்தும்போது, வேக எல்லை 60 கிலோமீற்றர் வரையான வீதியில் ஒரு மீற்றரும், அதற்கு மேற்பட்ட வேக எல்லையுள்ள வீதியில் ஒன்றரை மீற்றரும் இடைவெளி விடல் வேண்டும். ஹோர்ன் ஒலி எச்சரிக்கைக்கே உரியது. கோபத்தைக் காட்டுவதற்கோ நண்பரை அழைப்பதற்கோ அன்று. நமக்கு வழிவிட்டவருக்குக் கையுயர்த்தி நன்றி கூறுதல் சட்டமன்று. ஆனால் அது நல்ல பழக்கம்.

நமது பள்ளி வாயிலில்

பாடசாலை நாட்களில் காலையும் மாலையும் பாடசாலை வலயத்தின் வேக எல்லை 40 கிலோமீற்றர். வார இறுதியில் அந்த எல்லை பொதுவாக நடைமுறையில் இல்லை. அதே வாயிலால், அதே வயதுச் சிறுவர்கள், தமிழ்ப் புத்தகப் பையுடன் வெளியே வருகின்றனர். அவ்வேளை 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். அவ்வாகனத்தில் வருபவர் பெரும்பாலும் நம்மவரே.

"ஒரு நிமிடந்தானே" என்று, நிறுத்திய வாகனத்திற்கு அருகே மற்றொரு வாகனத்தை நிறுத்துகிறோம். பாதசாரிக் கடவைக்கு முன் 20 மீற்றரும் பின் 10 மீற்றரும் நிறுத்தக்கூடாத இடமென அறிந்தும் நிறுத்துகிறோம். எதிர்ப்பக்கத்தில் நின்று பிள்ளையைக் கையசைத்து அழைக்கிறோம். இவற்றுள் ஒன்றையேனும் செய்யாதவர் நம்மில் மிகச் சிலரே.

ஆதலால் சனியாயினும் ஞாயிறாயினும் பள்ளி வாயிலில் 40 கிலோமீற்றருக்கு மேற் செல்லாதிருப்போம். சற்றுத் தூரத்தில் நிறுத்தி நடந்து வருவோம். பிள்ளையை நடைபாதைப் பக்கமாகிய இடது கதவால் மட்டுமே ஏற்றி இறக்குவோம்.

16 வயதில் நம் பிள்ளைகள் பழகுநர் அனுமதிப்பத்திரம் பெறலாம். 25 வயதிற்குட்பட்டோர் 120 மணி நேரப் பயிற்சியைப் பதிவு செய்தல் வேண்டும். அப்பயிற்சியிற் பெரும்பகுதி நம் அருகிலேயே நிகழும். ஆனால் பாடம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பின்னிருக்கையில் தொடங்கிவிடுகின்றது.

பயிற்சி வினாக்கள்

1. வலது தடத்தில் எவ்வெச் சந்தர்ப்பங்களிற் செல்லலாம்?
2. பிள்ளையை ஏன் இடது கதவால் இறக்க வேண்டும்?
3. சென்ற வாரம் உங்கள் பெற்றோர் வாகனத்தை எங்கே நிறுத்தினர்? அது சரியான இடமா? வீட்டில் உரையாடுக.