கரந்த சொல்லும் கற்பித்த சொல்லும்

கேள்வியால் வரும் அறிவு செல்வங்களுள் தலையாயது என்பர் பெரியோர். அச்செல்வம் வந்து சேரும் வாயில் செவி. ஆயினும் செவி ஒலியை ஏற்பதோடு அமையும். ஏற்ற ஒலியைச் சொல்லாக்கிப் பொருள் காண்பது மனம். மனமோ சில வேளைகளில் செவி தாராத சொல்லையும் தானே படைத்துக்கொண்டு, அதனைக் கேட்டதாகவே கருதிவிடும்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார இரயிலில் நாள்தோறும் தொழிலாளர் பலர் செல்கின்றனர். வண்டி விரையும்போது, இருப்புப்பாதைகள் கூடிப் பிரியும் இடங்களில் சக்கரங்கள் தடதடவென ஒலிக்கும். பயணம் செய்யும் சிறுவன் ஒருவன், "வண்டி 'சோறு போடு, சோறு போடு' என்கிறது" என்று கூறுவானாயின், அருகிருப்போர் செவிக்கும் அதன்பின் அவ்வாறே கேட்கும். மற்றொரு சிறுவன் வேறொரு சொல்லைக் கூறினால், சக்கரம் அதனையும் மறுக்காது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில், பொறிகளின் பேரிரைச்சலுக்கிடையே, எவரும் அழையாதிருக்கவும் தம் பெயர் ஒலித்ததாக எண்ணித் திரும்பிப் பார்ப்பவரும் உண்டு. வண்டியும் பொறியும் மொழி அறியா. சொல் கேட்பவர் மனத்தினின்றே எழுகின்றது.

அங்ஙனமாயின், உண்மையாகவே ஒரு சொல்லை மறைத்து வைத்தல் இயலாதோ எனின், இயலும். தமிழ்ப் புலவர் அக்கலையில் வல்லவர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசையில் தோன்றியவர் திருமழிசையாழ்வார். அவர் தம் திருச்சந்த விருத்தத்தின் முதற்பாட்டில் ஐம்பூதங்களின் பண்புகளைப் பெயரால் கூறாது எண்ணால் குறிக்கின்றார். நிலத்திற்கு ஐந்து, நீருக்கு நான்கு, தீக்கு மூன்று, காற்றிற்கு இரண்டு, வானத்திற்கு ஒன்று என எண்கள் குறைந்து வருகின்றன. ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்னும் ஐந்தும் நிலத்திற்கு உண்டு என்றும், ஒவ்வொரு பூதத்திற்கும் ஒன்று குறைந்து, வானத்திற்கு ஓசை மட்டுமே எஞ்சும் என்றும் அறிந்தவர்க்கு அவ்வெண்களின் பொருள் தெள்ளிதின் விளங்கும்.

எழுத்துகளைத் திருப்பி அமைக்கும் கலையும் தமிழில் பழமையானது. முதலிலிருந்து படிப்பினும் ஈற்றிலிருந்து படிப்பினும் ஒரே பாட்டாய் அமைவது மாலைமாற்று. சீகாழித் திருஞானசம்பந்தர் அம்முறையில் ஒரு பதிகமே அருளியுள்ளார். அது மூன்றாந் திருமுறையில் உள்ளது. தண்டியலங்காரம் 'காதை கரப்பு' என்னும் மற்றொரு வகையையும் கூறுகின்றது. ஒரு செய்யுளின் ஈற்றுமொழியில் தொடங்கி, ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் பின்னோக்கிப் படித்துவரின், அதனுள் மறைந்திருந்த வேறொரு செய்யுள் வெளிப்படும்.

இங்கே ஓர் உண்மையை உளங்கொள்ளல் வேண்டும். இப்புலவர்களின் மறைவுக்கு விதி உண்டு. அவ்விதியை மட்டும் கற்று, விடையை அறியாத இருவருள் ஒருவர் மதுரையிலும் மற்றவர் யாழ்ப்பாணத்திலும் இருந்து படித்தாலும், இருவரும் ஒரே செய்யுளையே காண்பர். முன்கூட்டி எவரும் விடையைச் செவியில் ஓத வேண்டுவதில்லை. உண்மையாகக் கரந்த சொல்லுக்கு இதுவே அடையாளம்.

புலவர் திருப்பியது எழுத்தை. ஒலியையே திருப்பும் ஆற்றலைத் தந்தது பொறி. 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தாமசு ஆல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீளக் கேட்பிக்கும் பொறியை அமைத்தார். பதிந்த ஒலியைப் பின்னோக்கியும் ஓட்டலாம் என்பது விரைவிலேயே தெரியவந்தது. ஆனால் எழுத்தைத் திருப்புதல் வேறு. ஒலியைத் திருப்புதல் வேறு. 'விகடகவி' என்னும் சொல்லை எழுத்தால் எப்பக்கம் படிப்பினும் விகடகவியே. அதனைப் பதிந்து திருப்பி ஓட்டினாலோ, உயிர்மெய்யுள் முன்னின்ற மெய் பின்னாகவும் பின்னின்ற உயிர் முன்னாகவும் மாற, 'இவகடகிவ்' என்பதுபோல் ஒலிக்கும். மீட்டியவுடன் ஓங்கி எழுந்து மெல்ல அடங்கும் வீணையின் நாதம், திருப்பினால் மெல்லத் தோன்றி ஓங்கிச் சட்டென அறும். எனவே திருப்பிய பாட்டு எம்மொழிக்கும் உரியதன்றிக் குழம்பி நிற்கும். குழம்பிய ஒலியில்தான் மனம் தன் விருப்பம்போல் சொற்களைக் கட்டும்.

மேலை நாடுகளில் இக்குழப்பம் பெரியதொரு பூசலாய் வளர்ந்தது. இங்கிலாந்து நாட்டுப் பீட்டில்சு இசைக்குழுவினர், 1966-ஆம் ஆண்டில் வெளியான 'ரெயின்' என்னும் பாட்டின் இறுதியில் பாடற்குரலைத் திருப்பி அமைத்தனர். அஃது அவர்கள் அறிந்தே செய்த இசைப்புதுமை. ஆனால் 1969-ஆம் ஆண்டில், அக்குழுவின் பால் மெக்கார்ட்டினி இறந்துவிட்டார் என்றும், இசைத்தட்டுகளைத் திருப்பி ஓட்டினால் அச்செய்தி கேட்கும் என்றும் அமெரிக்காவில் வதந்தி பரவியது. அவரோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் பாடி வந்தார். 1980-ஆம் ஆண்டுகளில், பாடல்களுள் தீய சொற்கள் தலைகீழாய் மறைந்துள்ளன என்றும், கேட்பவர் அறியாமலே அவை உள்ளத்தைக் கெடுக்கின்றன என்றும் சிலர் கூறினர். 1982-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னரும் அத்தகைய பாட்டொன்று திருப்பி இசைத்துக் காட்டப்பெற்றது.

இக்கூற்றை ஆராய்ந்தவர் கனடா நாட்டு லெத்பிரிட்சுப் பல்கலைக்கழக உளவியலார் வோக்கி, ரீட் என்னும் இருவர். அவர்தம் ஆய்வுரை 1985-ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருப்பிய பேச்சைக் கேட்டவர்கள், பேசியவர் ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் சரியாக உணர்ந்தனர். ஆனால் கேட்டது கூற்றா வினாவா என்பதை அவர்களால் பகுத்துணர இயலவில்லை. அவ்வுரைகளைப் பொருள்நோக்கி ஐந்து வகையாகப் பிரிக்கச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவே பொருந்தியது. இன்ன சொல் வரும் என்று முன்னரே சொல்லிக் கேட்பித்தபோது மட்டும், அச்சொல் தமக்குக் கேட்டதாக அவர்கள் கூறினர். சொல் இருந்த இடம் இசைத்தட்டு அன்று; சொல்லிக் கொடுத்தவர் வாயே என்பது இதனால் விளங்கிற்று.

இதனை வேடிக்கையெனத் தள்ளிவிடலாகாது. 1985-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நெவாடா மாநிலத்தில் இளைஞர் இருவர் தம்முயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டனர், ஒருவர் இறந்தார், மற்றவர் கொடிய காயமுற்றார். சூடாசு பிரீசுட்டு என்னும் இசைக்குழுவின் பாட்டில் மறைந்த சொற்களே காரணம் என வழக்குத் தொடரப்பெற்றது. 1990-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நீதிபதி, சொல்போல் கேட்டது பாடகர் விட்ட மூச்சும் இசைக்கருவியின் ஒலியும் தற்செயலாய் இணைந்ததால் விளைந்ததே என்று கண்டு, குழுவினர் பொறுப்பாளர் அல்லர் என்றார். மக்களை இழந்தோர் துயரம் பெரிது. அதற்கொரு காரணம் தேடுதல் இயல்பே. ஆயினும் இல்லாத சொல்லின்மேல் பழியைச் சுமத்தினால், இளைஞர் உள்ளத்தை உண்மையில் வாட்டிய துன்பம் எது என்று கேட்பார் இலராவர். இல்லாத பகையைத் துரத்துவோர், இருக்கும் நோயைக் காணாது விடுகின்றனர்.

இன்று கைப்பேசியிலேயே ஒலியைத் திருப்பலாம். ஒரு பாட்டுள் மறைசொல் உண்டென ஒருவர் கூறின், அதனை ஆராயும் வழி எளியது. சொல் இன்னதென அறியாத நண்பர் சிலரைத் தனித்தனியே கேட்கச் செய்து, கேட்டதை எழுதித் தரச் சொல்லுதல் வேண்டும். எழுதியவை யாவும் ஒத்திருப்பின் சொல் பாட்டில் உளது எனக் கொள்ளலாம். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு ஒவ்வாதாயின், அது கேட்பவர் கற்பித்துக்கொண்ட சொல்லே. பிறர் வாயிலாகக் கேட்பது எதுவாயினும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என வள்ளுவர் வகுத்த நெறி, நூலுக்கும் பேச்சுக்கும் மட்டுமன்றிப் பாட்டுக்கும் பொருந்தும்.