காந்தப் புயல்களும் கொலாபாப் பதிவேடும்

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் முற்பகலில், பம்பாய் கொலாபா ஆராய்ச்சி நிலையத்தில் பூமியின் காந்த விசையின் கிடைக்கூறு திடீரெனக் குறையத் தொடங்கியது. வழக்கமாக மணிக்கொரு முறை எடுக்கப்பட்ட அளவுகள் அன்று மிகக் குறுகிய இடைவெளிகளில் எடுத்தெழுதப்பட்டன. வீழ்ச்சி ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லாவை எட்டியது. அஃதாவது, அவ்விடத்து விசையில் நூற்றுக்கு நான்கு பங்கு. இங்கிலாந்தில் இருந்த, தாமே படத்தாளில் பதியும் கருவிகளிலோ கோடு தாளின் எல்லையைக் கடந்து மறைந்துவிட்டது. கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய பதிவேடே எஞ்சி நின்றது.

இதற்கு ஏறக்குறைய பதினேழரை மணி நேரத்திற்கு முன்னர், ரிச்சர்டு காரிங்டன் என்னும் ஆங்கில வானநூலார் சூரிய களங்கங்களின் இடையே பளிச்சென்ற வெண்ணிற ஒளியைக் கண்டிருந்தார். அவ்வேளையில் சூரியனினின்று வீசப்பட்ட மின்னேற்றமுடைய வாயுத்திரள் பூமியை வந்து தாக்கியதே காந்தப் புயலாயிற்று. (காற்றும் மழையும் கொண்ட புயலோடு இதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை மாணவர்க்கு முதலிலேயே கூறிவிடுவது நலம்.) அத்தகைய திரள் தன்னுடன் கொணரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி அமையுமாயின், அதன் ஆற்றல் பூமியின் காந்த மண்டலத்துள் எளிதிற் புகும். அப்பொழுது பூமியைச் சுற்றி மேற்கு நோக்கி ஒரு வளைய மின்னோட்டம் வலுப்பெறும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் கிடைக்கூறு குறைவது இதனாலேயே. கொலாபாவில் கண்ட வீழ்ச்சி முழுவதும் இவ்வளையத்தால் விளைந்ததுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

அன்று பாதிப்புற்றது தந்தி ஒன்றே. அமெரிக்காவில் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாகத் தோன்றிய மின்னோட்டத்தைக் கொண்டே சிலர் செய்தி அனுப்பினர்.

இன்று நிலைமை வேறு. மாறும் காந்தப்புலம் தரையில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதனால் எழும் மின்னோட்டம், நிலத்துடன் இணைக்கப்பட்ட மின்மாற்றிகள் வழியே நெடுந்தொலைவுக் கம்பிகளில் பாய்கிறது. இஃது ஏறக்குறைய நேர்மின்னோட்டமே போன்றது. மாறுமின்னோட்டத்திற்கென்று அமைந்த மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் இதனால் காந்தத் தெவிட்டுநிலை எய்திச் சூடேறும். மின்னோட்டத்தின் அலைவடிவும் சிதையும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 மார்ச் 13-ஆம் நாள் பின்னிரவில் நேர்ந்தது இதுவே. அலைவடிவு சிதைந்ததால் மின்னழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றரை நிமிடத்தில் மின்தொகுப்பு முழுவதும் வீழ்ந்தது. அறுபது இலட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். அங்குள்ள தொன்மையான பாறை மின்சாரத்தை எளிதிற் கடத்தாதாகையால், மின்னோட்டம் கம்பிகளையே வழியாகக் கொண்டது.

சிறு புயலும் சேதம் விளைவிப்பதுண்டு. 2022 பிப்ரவரியில் மேல் வளிமண்டலம் சூடேறி அடர்த்தி மிகுந்ததால், புதிதாக ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக் கோள்களுள் 38 வீழ்ந்து அழிந்தன.

பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் ஓடவிருந்தமையால், காந்த அளவீடு 1904-இல் அலிபாகில் தொடங்கப்பெற்றது. இரு நிலையங்களின் அளவுகளையும் ஒப்புநோக்கும் பொருட்டு, 1906 வரை இரண்டிலும் ஒருங்கே அளவுகள் எடுக்கப்பட்டன. இடம் மாறியும் தொடர் அறவில்லை. 2003-இல் அமெரிக்க விஞ்ஞானி சுருட்டானியும், இந்திய பூகாந்தவியல் நிறுவனத்தின் லாகினா, அலெக்ஸ் முதலியோரும் 1859-ஆம் ஆண்டின் புயலை மதிப்பிட எடுத்துக்கொண்டது அந்தப் பழைய கொலாபாப் பதிவேட்டைத்தான்.