மிச்சிகன் ஏரியிற் சால்மன்

"கடல்மீனாகிய சால்மனை நன்னீர் ஏரியிலே தூண்டிலிட்டுப் பிடிக்கின்றார்களாமே, அஃது எவ்வாறு?" என்று எம் வகுப்பு மாணவனொருவன் ஒருகால் வினவினான். "நாளை சொல்வோம்" என்று அன்று நாம் தப்பிக்கொண்டோம். விடை தேடிப் படித்தபோதுதான் அது சிறு விடயமன்று என்பது புலனாயிற்று.

வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தனுள் ஒன்றாகிய மிச்சிகன், நம் இலங்கைத் தீவினும் சற்றே சிறியது. அதன் ஆழ்ந்து குளிர்ந்த நீரில் ஏரி டிரவுட்டும், கரையோரக் கற்பாறைகளிடையே சிறுவாய்ப் பாஸ் மீனும் தொன்றுதொட்டு வாழ்ந்தன. பாஸ் இன்றும் தூண்டிற்காரர்க்கு அகப்படுகின்றது. அதுபற்றி இவ்வளவே போதும். டிரவுட்டின் கதையோ வேறு.

கப்பல்கள் நயகரா வீழ்ச்சியைத் தவிர்த்துச் செல்லும்பொருட்டு 1829ஆம் ஆண்டில் வெலண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வெட்டிய வழியிற் பிற உயிர்களும் வரும் என்று வெட்டியோர் எண்ணிலர் போலும். விலாங்கின் உருவும், வட்ட வாய் நிறையப் பற்களும் உடைய லாம்ப்ரே என்னும் உயிரினம் அவ்வழியே மேலேரிகளை அடைந்து, 1936இல் மிச்சிகனிற் காணப்பட்டது. பிற மீனின் உடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுதல் அதன் இயல்பு. மனிதர் அளவிறந்து பிடித்ததும் சேர்ந்துகொள்ள, 1950களின் நடுப்பகுதியில் மிச்சிகனில் டிரவுட் அற்றுப்போயிற்று. தின்பார் இன்மையால், நம்மூர்ச் சூடைக்கு உறவான ஏல்வைஃப் என்னும் சிறுமீன் கட்டின்றிப் பெருகியது. அதுவும் கடலிலிருந்து வந்ததே. 1967இல் அம்மீன்கள் எண்ணிறந்தன செத்துக் கரையொதுங்கி நாறின.

இதற்கிடையில் லாம்ப்ரேக் குஞ்சுகளைக் கொல்லும் மருந்தொன்று கண்டறியப்பட்டிருந்தது. ஹவார்ட் டானர் என்னும் மீன்வள அறிஞரின் முயற்சியால், பசிபிக் கரையிலிருந்து முட்டை தருவித்து வளர்த்த கோஹோ சால்மன் குஞ்சுகள் 1966 வசந்தத்தில் ஏரியிற் சேரும் ஆறுகளில் விடப்பட்டன. மறு ஆண்டு சினூக் என்னும் பெருஞ்சால்மனும் விடப்பட்டது. அவை ஏரியையே கடலாகக் கொண்டு, ஏல்வைஃபைத் தின்று கொழுத்து, தாம் விடப்பட்ட ஆற்றின் மணத்தை நினைவிற்கொண்டு மீண்டன. கோடையில் அவை குளிர்நீரை நாடி ஆழத்தில் நிற்குமாதலின், ஈயக்குண்டு கட்டித் தூண்டிலை இறக்கி, மினுங்கும் உலோக இரையைப் படகின்பின் இழுத்துப் பிடிப்பர். 1967 இலையுதிர் காலத்தில் கோஹோவைத் தேடி ஊரே திரண்டது. செப்டெம்பர் 23ஆம் நாள் காற்றெச்சரிக்கை விடுத்திருந்தும் பலர் சிறு படகுகளில் ஏரிக்குள் இறங்கினர், எழுவர் மாண்டனர்.

அயலேரியாகிய ஹியூரனில் நடந்தது இன்னும் வியப்பானது. கப்பல்கள் சமனிலைக்காக ஏற்றிவந்த நீரோடு வந்த குவாகா என்னும் மட்டி, நுண்ணுயிர்களை வடித்துண்டது. 2004ஆம் ஆண்டளவில் அங்கே ஏல்வைஃப் அருகியது. அதனை நம்பியிருந்த சினூக்கும் அருகியது. தூண்டிற்காரர் வருந்தினர். ஆயின், ஏல்வைஃபைத் தின்ற டிரவுட்டின் முட்டைகளில் உயிர்ச்சத்து பி1 குன்றி, குஞ்சுகள் மடிந்துவந்தன அல்லவா? அச்சிறுமீன் நீங்கியதும், அவ்வேரியில் மீள விடப்பட்டிருந்த டிரவுட் தானாகவே இனம்பெருக்கத் தொடங்கியது. மிச்சிகனிலோ இரை தீர்ந்துபோகாதிருக்கும்பொருட்டு, 2013இல் சினூக் குஞ்சுகளை விடும் தொகை ஏறக்குறையப் பாதியாக்கப்பட்டது.

வினவிய மாணவன் மறுநாள் தன் வினாவையே மறந்திருந்தான். நாம் மறக்கவில்லை, அன்றைய இலக்கணப் பாடம் நின்றுபோயிற்று.