உடலசைவைப் படிக்கும் பட்டப் படிப்பு



நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்லும் வயதை அடைந்ததும் மருத்துவம், கணக்கியல், சட்டம் என்னும் மூன்று பெயர்களே தகப்பன்மார் வாயில் முதலில் வருகின்றன. நாலாவதாக ஒரு பெயரைப் பிள்ளை சொன்னால் வீட்டில் சச்சரவு கிளம்பிவிடுகிறது. அண்மையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்து, "நானா, என் மகள் கனடாவுக்குப் போய்க் கினீசியாலஜி படிக்க வேண்டுமென்கிறாள். அது விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கும் படிப்பாமே! பந்தடிப்பதற்கா நாலு வருஷம் முதல் போடுவது?" என்று மனம் நொந்து கேட்டார். அவருக்குச் சொன்ன விடையை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

பெயரும் பொருளும்

கினேசிஸ் என்பது கிரேக்கச் சொல். அசைவு என்பது அதன் பொருள். மனித உடல் எவ்வாறு அசைகிறது, அந்த அசைவு எதனால் கெடுகிறது, கெட்டதை எவ்வாறு சீராக்கலாம் என்று ஆராயும் கல்வியே கினீசியாலஜி. எலும்பும் தசையும் நெம்புகோலைப் போல வேலை செய்கின்றன என்பதை இத்தாலி நாட்டு அறிஞர் பொரெல்லி கணக்கிட்டு எழுதிய நூல் 1680-ல் அச்சேறத் தொடங்கியது. ஆயினும் இது இப்பெயரால் பல்கலைக்கழகத் துறையானது மிகப் பிந்தித்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1967-ல் அத்தகைய துறை ஏற்பட்டது.

மூட்டையைக் கொண்டு ஒரு பாடம்

கிட்டங்கியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிறோம். இடுப்பில் விழும் பாரம் 25 கிலோதானா? இல்லை. டாச்சிங் என்னும் கைத்தராசை நினைத்துப் பாருங்கள். சிறிய குண்டைத் தூரமாக நகர்த்தினால் பெரிய பாரத்தையும் அது சமன் செய்துவிடுகிறது. நம் முதுகிலும் இதே கணக்குத்தான். முதுகுத் தசைகள் முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இருந்து இழுக்கின்றன. மூட்டையை உடலோடு அணைத்து 20 சென்டிமீட்டர் முன்னால் வைத்துக்கொண்டால், அதைத் தாங்கத் தசைகள் சுமார் 100 கிலோ பலத்துடன் இழுக்க வேண்டும். கையை நீட்டி 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலோ சுமார் 250 கிலோ வேண்டும். குனிந்த உடலின் சொந்தப் பாரம் இதற்கு மேல். மூட்டை அதேதான், பிடித்த விதம் மாறியதால் முதுகின் செலவு இரண்டரை மடங்காகிவிட்டது. இந்த வரவு செலவைக் கற்பிக்கும் பாடத்துக்குப் பயோமெக்கானிக்ஸ் என்று பெயர்.

நாலு வருஷத்தில் என்ன படிப்பு?

கனடாவில் இது பெரும்பாலும் நான்காண்டுப் பட்டம். முதலில் உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல், பௌதிகம், புள்ளியியல் ஆகியவற்றைப் படித்து அடித்தளம் போட வேண்டும். எலும்பும் தசையும் நரம்பும் பெயர் பெயராக மனத்தில் பதியவேண்டும். பிறகு பயோமெக்கானிக்ஸ், உடற்பயிற்சியின்போது இதயமும் நுரையீரலும் வேலை செய்யும் விதம், மூளை அசைவைக் கற்றுக்கொள்ளும் விதம், முதுமையிலும் நோயிலும் பயிற்சியின் பயன் என்று பாடங்கள் விரியும். ஆய்வுக்கூடத்தில் தசையில் எழும் நுண்ணிய மின்சாரத்தைத் தோல்மேல் ஒட்டிய தகட்டினால் அளப்பார்கள். தரையில் பதித்த கருவிப் பலகையினால் காலடியின் அழுத்தத்தை அளப்பார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் அஞ்சும் பிள்ளைக்கு இது சுலபமான படிப்பன்று.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, இந்தப் பட்டம் பெற்றவர் உடனே பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடுவதில்லை. கனடாவில் அதற்கு மேற்பட்டப் படிப்பு வேண்டும். சிங்கப்பூரில் 2011-ம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் 2016-ம் ஆண்டுச் சட்டமும் பிசியோதெரபித் தொழிலைப் பதிவுக்கு உட்படுத்தியுள்ளன. பிள்ளையின் குறிக்கோள் அதுவானால் அதற்கென்றே உள்ள பட்டத்தைத் தேடுவது உத்தமம்.

இரண்டாவது, ஊர் திரும்பும் எண்ணமா என்று முன்னரே கேளுங்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் கினீசியாலஜிஸ்ட் என்பது 2013 முதல் சட்டப்படி பதிவுபெற்ற தொழில். அந்தப் பதிவு நம் ஊர்களில் செல்லாது. அருகிலேயே படிப்பதானால் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் என்ற பெயரில் இதற்கு நெருங்கிய பட்டங்கள் உள்ளன.

மூன்றாவது, பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். 1964-ல் அமெரிக்காவில் குட்ஹார்ட் என்பவர் 'அப்ளைட் கினீசியாலஜி' என்ற ஒன்றைத் தொடங்கினார். கையை அழுத்திப் பார்த்தே உள்ளிருக்கும் நோயைச் சொல்லலாம் என்பது அதன் கூற்று. முறையான பரிசோதனைகளில் அது குருட்டு ஊகத்தைவிட மேலானதாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகக் கல்விக்கும் அதற்கும் உறவில்லை.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். இளமையில் மூட்டை சுமந்த அவர் இன்று இடுப்பில் பட்டை கட்டாமல் கல்லாவில் உட்கார முடியாதவர். "அத்தாவின் முதுகு ஏன் இப்படியானது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை" என்றார். அன்றிரவு மகளை உட்காரவைத்து, பாடத்திட்டத்தைப் பேரேடு பார்ப்பதுபோல் வரிவரியாகக் கேட்டாராம். கனடாவா, கோலாலம்பூரா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு நடக்கிறது.

சரக்கைப் பிரித்துப் பாராமல் விலை சொல்லும் வழக்கம் நமக்கில்லை. பிள்ளைகள் கொண்டுவரும் படிப்பையும் அவ்வாறே பிரித்துப் பார்த்து முடிவு சொல்வோமாக.